லண்டன் வரிசையில் நாலாம் வீடு

லண்டன்காரர்களின் வீட்டுக்கு முகம் மட்டும்தான் உண்டு, முதுகு கிடையாது என்று என் மாமனார் நம்பிவிட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவர் அங்கிருந்து கொண்டுவந்த போட்டோவில் முகம்தான் இருந்தது.

முதல் யுத்தம் முடிந்த சமயம் அது. பட்டாளத்துக்காரர்களின் பூட்ஸுக்காக ஆம்பூர்த் தோல் கப்பல் கப்பலாகப் போய், ஊரில் தோல் ஷாப்பு வைத்திருந்தவர்களெல்லாம் நெஞ்சை நிமிர்த்தி நடந்த காலம். மாமனாருக்குப் பாலாற்றங்கரை ஓரமாகத் தோல் பதனிடும் ஷாப்பு இருந்தது. லண்டனில் தன் தோலை ஏலம் விடுகிற தரகரைப் பார்க்கக் கப்பலேறிப் போனவரை, ஒரு பழைய தெருவில் தங்கவைத்திருக்கிறார்கள். தெருவின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே வீடு மாதிரி தெரியுமாம். கிட்டே போனால் வாசல் வாசலாகப் பிரிந்திருக்குமாம். ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். நூறு நூற்றைம்பது வருஷமாக ஒன்றோடொன்று தோள் சேர்த்து நிற்கின்றன என்று சொல்லியிருக்கிறார்கள். அதுதான் அவர் மனசைப் பிடித்துக்கொண்டது.

அவருக்கு நாலு ஆண்பிள்ளைகள். கூட்டாக வைத்தால் அடுப்படியில் சண்டை, பிரித்துவிட்டால் குடும்பம் சிதறிப்போகும் என்று இரண்டு பக்கமும் பயந்துகொண்டிருந்த மனிதர். "வாசல் வேற, சுவர் ஒண்ணு. இதான் குடும்பம்" என்று கப்பலிலிருந்து இறங்கியதிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாராம். போட்டோவைச் சட்டம் போட்டு மேஸ்திரியின் கையில் கொடுத்தார். மேஸ்திரி குடியாத்தத்துக்காரர். பள்ளிவாசல் கட்டியிருக்கிறார், கிடங்கு கட்டியிருக்கிறார். லண்டன் கட்டியதில்லை.

நான் நாலாவது பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது வரிசை கட்டி முடித்து உள்ளே வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். வண்டியில் திரைக்குள் உட்கார்ந்து இடுக்கு வழியாகப் பார்த்தேன். பார்த்ததை ஒளிக்காமல் சொல்கிறேன், அழகாகத்தான் இருந்தது. செங்கல் முகப்பு, நடுநடுவே சுண்ணாம்புக் கோடு. கீழ்த்தளத்துக்கு மட்டும் பெரிய கல் அடுக்கியது போலச் சாந்தில் வரி கீறியிருந்தார்கள். ஒவ்வொரு வாசலுக்கு மேலும் விரித்த விசிறி மாதிரி அரைவட்டக் கண்ணாடி. மாடியில் ஆள் உயரத்துக்கு நெட்டைச் சன்னல்கள், அதற்கு மேல் தளத்தில் குட்டைச் சன்னல்கள். மேலே போகப்போகச் சன்னல் சிறுத்துக்கொண்டே போகும். உச்சியில் நாலு வீட்டுக்கும் சேர்த்து சுவரிலிருந்து பிதுங்கிய ஒரே நீளக் கார்னிஸ், அதன் மேல் கைப்பிடிச் சுவர். கூரை இருக்கிறதா இல்லையா என்றே தெருவிலிருந்து தெரியாது. இதெல்லாம் ஒரு கண்டிப்போடு, ஒன்றைவிட ஒன்று ஒரு விரற்கடை கூடாமல் குறையாமல் நின்றது. தெருவில் மற்ற வீடுகள் அதன் எதிரே குளிக்காமல் வந்து நிற்பது போலத் தோன்றின.

உள்ளே போனபின்தான் கதை.

படத்தில் கூரை மேல் புகைபோக்கி இருந்ததால் இங்கேயும் நாலு புகைபோக்கி கட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே அடுப்பு இல்லை. ஆம்பூர் வெயிலில் யாருக்குக் கணப்பு வேண்டும்? புறாக்கள் குடும்பம் நடத்தின. சமையலறையோ தரைக்குக் கீழே. லண்டனில் அப்படித்தானாம். வீட்டுக்கு முன்னால் பள்ளம் தோண்டி, அதைச் சுற்றி இரும்புக் கம்பி வேலி போட்டு, பள்ளத்தின் அடியில் சமையல்கட்டு. ஆற்றங்கரையில் தோண்டினால் என்ன வரும்? மழை பிடித்தால் அம்மிக்குக் கீழே ஊற்றுக் கிளம்பும். நாலு வீட்டு மருமகள்களும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சோறு வடித்தோம். கண்ணாடிச் சன்னல்கள் கீலில் திறக்காது. மேலும் கீழுமாக வழுக்கி ஏறவேண்டும். சட்டத்துக்குள் கயிறு, கயிற்றின் நுனியில் இரும்புக் குண்டு. ஈரத்தில் மரம் ஊதிக்கொண்டால் ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. முற்றம் என்று ஒன்று கிடையவே கிடையாது. படத்தில் இல்லையே!

பின்பக்கம் படத்தில் இல்லாததால் மேஸ்திரி தானாக யோசித்துச் செய்தார். பின்பக்கம் எங்கள் ஷாப்பு. சுண்ணாம்புக் குழியில் ஆட்கள் இறங்கி ஏறுவார்கள், தோலை உதறுவார்கள். வீட்டுப் பெண்கள் அவர்கள் கண்ணில் படக்கூடாது. ஆகவே பின்சுவரில் சன்னலே வைக்கவில்லை. எட்டாத உயரத்தில் கையகல ஓட்டைகள் மட்டும். மற்ற மூன்று வீடுகளுக்கும் முன்பக்கச் சன்னல் இருந்தது. மூங்கில் தட்டியைத் தொங்கவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டார்கள். எங்கள் வீட்டு மாடியறைக்கு அதுவும் இல்லை.

ஏன் இல்லை என்று என் கணவர்தான் சொன்னார், கல்யாணமான மறுநாள், சிரித்துக்கொண்டே. படத்தில் நாலாவது வீட்டின் மாடியில் மட்டும் சன்னல் இருக்கவேண்டிய இரண்டு இடத்திலும் செங்கல் அடைத்திருந்தது. சுற்றிலும் சன்னலுக்கான சட்டம் உண்டு, கீழே கல் விளிம்பு உண்டு, மேலே வளைவு உண்டு. நடுவில் சுவர்.

மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு கேட்டாராம். "இன்னா சாயபு இது, சன்னலா, சுவரா?"

"படத்துல எப்பிடி கீதோ அப்பிடியே கட்டு. அவன் கிறுக்கனா? காரணம் இல்லாம செய்வானா?" என்றாராம் மாமனார்.

அப்படியே கட்டினார். தெருவிலிருந்து பார்த்தால் பொய்ச் சன்னல், உள்ளேயிருந்து பார்த்தால் வெறும் சுவர். இடப்பக்கம் மூன்றாவது வீட்டோடு பொதுச்சுவர். வலப்பக்கம், வரிசைக்கு முன்பே நின்றிருந்த தோல் கிடங்கின் சுவர். "நம்ம ரூமு சந்தூக்கு மாதிரி. மூடி மட்டும் கம்மி" என்றார் என் கணவர். சந்தூக்கு என்றால் செத்தவரின் மய்யித்தை எடுத்துப்போகிற பெட்டி. புதுப்பெண்ணிடம் பேசுகிற பேச்சா என்று வாயைப் பொத்தினேன். அவர் எதையும் அப்படித்தான் விளையாட்டாகச் சொல்வார். ஷாப்பில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார், நெட்டையான ஆள், லண்டன் வாசலில்கூடக் குனிந்துதான் வருவார்.

இரண்டாவது மழைக்காலத்தில் இருமல் வந்தது. தோல் தூசி என்றார்கள். ஷாப்பில் எல்லோரும்தான் இருமினார்கள். பிறகு சாயங்கால ஜுரம் வந்தது. பிறகு ஒருநாள் கைக்குட்டையை என்னிடம் காட்டாமல் மடித்தார். நான் பிடுங்கிப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு வந்த பயம் இறங்கவே இல்லை.

விஷயம் வெளியே தெரியக்கூடாது என்று வீட்டில் முடிவானது. மாமனாருக்குக் கட்டிக்கொடுக்க இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். கீழே முன்னறையில் தரகர்களும் வியாபாரிகளும் வந்து உட்காருவார்கள், ஆகவே அங்கே படுக்க முடியாது. மேல் தளத்து அறை சாமான் அறை, உச்சி வெயில் நேரே இறங்கும், வாணலி மாதிரி காயும். மாடியறையில்தான் கிடக்கவேண்டும். சன்னலில்லாத அந்த அறையில். நான் ஒரு விளக்கை வைத்துக்கொண்டு பகலிலும் அவருக்குக் கஞ்சி கொடுத்தேன். தோல் வாடையும் சுண்ணாம்பு வாடையும் மேல் ஓட்டைகள் வழியாக வரும், காற்று மட்டும் வராது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறுவேன். அறையில் ஏற்கெனவே இருக்கிற காற்றைத்தான் அங்குமிங்கும் தள்ளிக்கொண்டிருந்தேன்.

முதலில் கொஞ்ச நாள் சாயங்காலத்தில் அவரை மொட்டைமாடிக்கு ஏற்றினேன். கைப்பிடிச் சுவர் உயரமாக இருந்ததால் தெருவுக்கு நாங்கள் தெரியமாட்டோம். புகைபோக்கியில் சாய்ந்துகொண்டு ஆற்றுக் காற்றை வாய் திறந்து குடிப்பார். "லண்டன்காரன் இந்தப் புகைபோக்கிய எனக்காகத்தான் கட்டினான் போல, சாயறதுக்கு" என்பார். அங்கே இருக்கும்போது இருமல் நிஜமாகவே குறைந்தது. நான் அதைக் கண்ணால் பார்த்தவள். பிறகு படியேற முடியாமல் போனது. யாராவது தூக்கிக்கொண்டு போகலாமென்றால், மாடிப்படி என்று ஒன்று படத்தில் இல்லாததால், எல்லாம் கட்டியது போக மிஞ்சிய இடத்தில் மேஸ்திரி அதைச் செருகியிருந்தார். ஒரு ஆள் அகலம், இரண்டு திருப்பம். கட்டிலையே துண்டுதுண்டாகத் தூக்கிவந்து மேலே வைத்துத்தான் பூட்டியிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மூத்த ஓரகத்தியின் பிரசவத்துக்காக வேலூரிலிருந்து ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா வந்தார். குழந்தை பிறந்து அவர் கை கழுவும்போது நான் போய் அவர் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன். ஆமாம், புடவைதான் கட்டியிருந்தார். என்னோடு நாலாவது வீட்டு மாடிக்கு வந்தார். மார்பில் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு விளக்கைத் தூக்கி நாலு சுவரையும் பார்த்தார்.

"சன்னல் எங்கே? வெளியே பார்த்தேனே" என்றார், புத்தகத்தில் படித்த தமிழில்.

நான் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த நாட்டில் ஒரு காலத்தில் சன்னலுக்கு வரி போட்டார்கள். வரி அதிகம் கட்ட விரும்பாதவர்கள் சன்னலைச் செங்கல்லால் அடைத்துவிட்டார்கள். அது அலங்காரம் அல்ல அம்மா" என்றார். கிளம்பும்போது சொன்னார். "இவரை மலைப்பக்கம் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் இந்தச் சுவரையாவது திறங்கள். இவருக்குக் காற்று வேண்டும். மருந்து அப்புறம்."

எங்கோ, என்றோ, எந்த ராஜாவோ போட்ட வரி. அதைக் கட்டாமல் தப்பித்தவன் எவனோ. ஆம்பூரில் என் புருஷனுக்கு மூச்சுத் திணறியது. இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

எங்கள் வீட்டில் மருமகள் மாமனாரோடு நேருக்கு நேர் பேசமாட்டாள். மாமியாரிடம் சொல்லவேண்டும், மாமி சமயம் பார்த்துச் சொல்லுவார். டாக்டரம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் மாமியிடம் ஒப்பித்தேன். காற்று இல்லாவிட்டால் இவர் பிழைக்கமாட்டார், மலைக்கு அனுப்புங்கள், இல்லையென்றால் சுவரை இடிக்கச் சொல்லுங்கள் என்றேன். மாமி கெட்டவரல்ல. புருஷனின் கோபத்துக்குப் பயந்து பயந்து எதையும் மழுக்கியே சொல்லிப் பழகியவர். அன்று சாப்பாடு பரிமாறும்போது அவர் சொன்னது கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குக் கேட்டது.

"சின்ன மருமக சொல்றா. மேல கொஞ்சம் புழுக்கமா கீதாம்."

மறுநாள் ஒரு பங்கா வந்தது. நல்ல ஜரிகைக் கரை போட்ட பங்கா. கூரையில் மாட்டிக் கயிற்றை என் கையில் கொடுத்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கயிற்றைக் கடித்திருப்பேன்.

பிறகு என் கணவரையே பேசச்சொன்னேன். தகப்பனாரைக் கூப்பிட்டனுப்பினார். மாமனார் மாடியேறி வந்ததும் நான் அறையோரத்து மறைப்புத் தட்டிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பிள்ளையின் காலைப் பிடித்துவிட்டார். அவ்வளவு பெரிய சாயபு, ஊர் எழுந்து நிற்கிற மனிதர், பிள்ளையின் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அவர் மேல் வைத்திருந்த கோபத்தைக்கூட அந்த நேரத்தில் என்னால் முழுசாக வைத்துக்கொள்ள முடியவில்லை.

"அத்தா, இந்தச் சன்னல மட்டும் தொறந்து குடுங்க. போதும்" என்றார் இவர்.

மேஸ்திரியை வரவழைத்தார்கள். உள்ளே வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார், வெளியே போய் அண்ணாந்து பார்த்தார். சாயபுவின் முகத்தையும் பார்த்தார். கட்டி முடித்த நாளிலிருந்து அந்த முகப்பில் ஒரு ஆணி அடிக்கவிடாதவர் சாயபு. கலெக்டர் துரை வண்டியை நிறுத்தி இறங்கி, லண்டனில் இருப்பதாகவே நினைத்தேன் என்று சொல்லிவிட்டுப் போன முகப்பு. மேஸ்திரிக்கு அதெல்லாம் தெரியும்.

"இதுல கை வெக்கக்கூடாது சாயபு" என்றார். "மேல கார்னிஸ் கீது. அது ஒரே நீளம். இங்க ஒண்ணு புடுங்கினா அது உக்காந்துடும். அது உக்காந்தா நாலு வீடும் வரிசையா பொளக்கும். ஒரே மூஞ்சி இல்லையா?"

மூன்று அண்ணன்மாரும் கூட நின்றிருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அந்தச் சுவருக்கு அடியில்தான் படுக்கின்றன. "தம்பிக்காக எது வேணும்னாலும் செய்யலாம். ஆனா குழந்தைங்க கீதே" என்றார் மூத்தவர். சரி, மூத்தவர் வீட்டு மாடியில் இவரைப் போடலாமா, அங்கே சன்னல் இருக்கிறதே என்று நான் ஓரகத்தியிடம் கேட்டேன். கைக்குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டு, "எனக்கு மட்டும் இரக்கம் இல்லையாடி? இது தாங்குமா சொல்லு" என்றாள். அவள் கேட்டது நியாயம். அவள் மேலும் கோபப்பட்டேன்.

மலைக்கு அனுப்பினால் ஊருக்குத் தெரிந்துவிடும். சுவரைத் தொட்டால் வீடு விழுந்துவிடும். "மழ நிக்கட்டும், மெட்ராஸ்லேர்ந்து இன்ஜினீர் ஒருத்தர கூட்டியாந்து காட்டலாம்" என்று முடித்தார் மாமனார். வாசல் வேறு, சுவர் ஒன்று என்று அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. ஒருவருக்கு மூச்சு முட்டினால் மற்றவர்கள் அசைய முடியாதபடி கட்டிவைத்திருந்தார்.

அதற்கு மேல் யாரைக் கேட்பது? நானே இறங்கினேன். தேங்காய் துருவுகிற அலகைக் கழற்றி எடுத்துக்கொண்டு, எல்லோரும் கீழே வேலையாக இருக்கிற நேரமாகப் பார்த்து, செங்கல் இடுக்குச் சாந்தைச் சுரண்டினேன். ஒரே ஒரு கல்லை எடுத்துவிட்டால் போதும், ஒரு கை நுழைகிற ஓட்டை வந்தால் போதும் என்று கணக்கு. மேஸ்திரி சாந்தை நன்றாகத்தான் அரைத்திருந்தார். சுண்ணாம்பு, வெல்லம், கடுக்காய்த் தண்ணீர். அந்தக் கடுக்காய் எங்கள் ஷாப்பில் தோலுக்குப் போடுகிற அதே கடுக்காய். தோலை எப்படி இறுக்குமோ அப்படியே சாந்தையும் இறுக்கியிருந்தது. அலகு மழுங்கியது, என் விரல் கிழிந்தது, சாந்து மாவாக உதிர்ந்தது. அந்த மாவு மூடிய அறையில் பறந்து அவர் நெஞ்சுக்குள் போய், அன்று அவர் இருமிய இருமலை என்னால் எழுத முடியாது. காற்று கொண்டுவரப் போனவள் தூசியைக் கொண்டுவந்தேன்.

இருமல் அடங்கியதும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். என் கையைத் திருப்பி விரல்களைப் பார்த்தார்.

"விடு. தேங்கா துருவறதுக்கு வேணும் அது" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

அதற்குப் பிறகு அவர் சன்னலைப் பற்றிப் பேசவில்லை. சுவர்ப் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டார். நான் பங்காக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தேன். மழை நின்றது. இன்ஜினீர் வரப்போகிறார், வரப்போகிறார் என்றார்கள். தோல் ஏலத்தில் விலை இறங்கிவிட்டதென்று மாமனார் மெட்ராஸுக்கும் ஆம்பூருக்கும் அலைந்துகொண்டிருந்தார். இன்ஜினீர் வரவேயில்லை.

ஒருநாள் விடியற்காலை பாங்கு சொல்லும்போது அவர் மூச்சு நின்றது. நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உதட்டிலிருந்து வழிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு, இன்னொரு வாய் கொடுக்கப் பார்த்தேன். அப்புறம்தான் தெரிந்தது.

மாமி ஓடிவந்து பிள்ளையின் மேல் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. யாரும் அவரைப் பிரிக்கத் துணியவில்லை. வாணியம்பாடியிலிருந்து சொந்தக்காரர்கள் வரட்டும் என்றார்கள். குளிப்பாட்டுகிறவர் வந்து சேர்ந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. குளிப்பாட்டக் கீழே முன்னறைக்குக் கொண்டுபோகவேண்டும். நாலு பேராகத் தூக்கினார்கள். நான் தட்டிக்குப் பின்னால் இருந்தேன். படியில் முதல் திருப்பம்வரை போன காலடிச் சத்தம் நின்றது. திரும்பி வந்தது. மறுபடி போனது, மறுபடி நின்றது.

அவர் உயரமான ஆள். உடம்பு விறைத்துவிட்டிருந்தது. திருப்பத்தில் திரும்பவில்லை.

"நிமித்திப் புடிச்சா எறங்கிடும்" என்று யாரோ சொன்னார்கள்.

"என் புள்ளைய மூட்ட மாதிரி நிக்க வெப்பீங்களா? மய்யித்துக்கு வலிக்கும்டா!" என்று மாமி கத்தினார். அவர் புருஷனுக்கு முன்னால் குரல் உயர்த்தி நான் கேட்டது அன்று ஒருநாள்தான். மழுக்காமல் சொன்னார்.

மாமனார் படியின் அடியில் நின்றுகொண்டிருந்திருக்கவேண்டும். அவர் குரல் மேலே வந்தது. "மேஸ்திரிய கூப்பிடு. சன்னல இடி."

மேஸ்திரி வந்தார். கடப்பாரை வந்தது. ஷாப்பில் தோல் கட்டு கட்டுகிற ஆட்கள் கயிற்றோடு வந்தார்கள். வெளியே சாரம் கட்டினார்கள். கார்னிஸைப் பற்றி யாரும் பேசவில்லை. குழந்தைகளை எடுத்து வேறு வீட்டில் விடுங்கள் என்றுகூட யாரும் சொல்லவில்லை. முதல் கல் உள்ளே விழுந்தது. வெளிச்சம் ஒரு கம்பு மாதிரி வந்து கட்டிலில் குத்தியது. அடுத்த கல், அதற்கடுத்தது. நான் விரல் கிழியச் சுரண்டியது அவர்களுக்குப் பொரி மாதிரி உதிர்ந்தது. நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னால் ஆள் உயரச் சன்னல் ஒன்று முழுசாகத் திறந்துவிட்டது. மேலே ஒரு சுண்ணாம்புப் பொருக்குகூட விழவில்லை. நாலு வீடும் அப்படியே நின்றன.

காற்று வந்தது. ஆற்றிலிருந்து நேரே வந்து, தட்டியை அசைத்து, கட்டிலில் கிடந்தவர் மேல் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியைப் படபடவென்று அடித்தது. துணி மூச்சு விடுவது போல எழும்பி எழும்பி அடங்கியது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் நான் தலையில் அடித்துக்கொண்டேன். சத்தமாக அழாதே, வெளி ஆம்பளைகள் இருக்கிறார்கள் என்று யாரோ என் வாயைப் பொத்தினார்கள்.

பலகையில் கிடத்தி, நாலு முனையிலும் கயிறு கட்டி, தெருவில் சுற்றிலும் போர்வை பிடித்துக்கொண்டு, ஒரு இடத்திலும் இடிபடாமல் இறக்கினார்கள். தோல் கட்டு இறக்கிப் பழகிய கைகள். கீழே குளிப்பாட்டிக் கஃபன் துணி இட்டு, சாயங்கால அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்கு எடுத்தார்கள்.

எனக்கு இத்தா தொடங்கிவிட்டது. புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண் கண்ணில் படாமல், குரல்கூட வெளியே போகாமல், இருந்த வீட்டிலேயே ஒதுங்கி இருக்கவேண்டும். கருகமணியைக் கழற்றினார்கள். வெள்ளை உடுத்தினார்கள். எந்த அறையில் உட்காரவைப்பது என்று பேச்சு வந்தது. கீழே முன்னறைக்கு மௌத்துக்குத் துக்கம் விசாரிக்க ஆண்கள் வந்துகொண்டே இருப்பார்கள். மாடியறைதான் என்றானது. அவள் அறைதானே, அங்கேயே இருக்கட்டும் என்றார்கள்.

அப்போதுதான் ஒரு கிழவி சொன்னாள், என் நன்மைக்காகத்தான். "அங்க சன்னல் தொறந்து கீதே! தெரு முழுக்கத் தெரியும். இத்தா எப்பிடி செல்லும்?"

துணி கட்டலாமென்றார்கள். ஆற்றுக் காற்றில் துணி நிற்காது, சற்றுமுன் எல்லோரும்தான் பார்த்தார்கள். சாக்கு அடிக்கலாமென்றார்கள். சாயபு வீட்டு முகப்பில் சாக்கா என்று மூத்த ஓரகத்தி கேட்டாள். கல் எல்லாம் உடையாமல் அடியிலேயே கிடந்தது. சாரமும் அவிழ்க்காமல் நின்றது. மேஸ்திரி இன்னும் போகவில்லை.

பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் திரும்புவதற்குள் வேலை ஆரம்பமாகிவிட்டது. என்னைக் கட்டில் காலடியில், கொத்துக் கரண்டி வேலை நடக்கிற சுவருக்கு ஒட்டினாற்போல, வெளியிலிருந்து பார்வை விழாத மூலையில் உட்காரவைத்திருந்தார்கள். வரிசை வரிசையாகக் கல் ஏறியது. வெளிச்சம் என் முழங்காலிலிருந்து மடிக்கு ஏறி, மடியிலிருந்து எதிர்ச்சுவருக்குப் போய், கூரையோரம் ஒரு சாண் பட்டையாக நின்றது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். குரல் வெளியே போகக்கூடாது. யாரைக் கூப்பிட்டுச் சொல்வது என்றும் தெரியவில்லை. சொல்லவேண்டியவருக்குத்தான் மண் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

கடைசி வரிசைக்கு முன்னால் மேஸ்திரி வெளியே சாரத்தில் நின்றபடி குரல் கொடுத்தார். அவருக்கு உள்ளே இருட்டாகத் தெரிந்திருக்கும்.

"உள்ள யாராச்சும் கீறாங்களாம்மா? கடைசிக் கல்லு வெக்கப்போறேன், தூசி விழும்."

வாசற்படியில் நின்ற மாமி என்னைப் பார்த்தார். அழுது அழுது வீங்கிய கண். அந்நிய ஆணுக்கு நான் இருக்கிற இடம் தெரியக்கூடாது, அவ்வளவுதான் அவருக்கு.

"யாரும் இல்ல. நீ வெச்சி மூடு" என்றார்.